சின்னப் பெட்டை நாய்க்குக் கருத்தடை: எந்த ஒப்பரேசன் நல்லது?



பிள்ளைகளின் தடுப்பூசி, கொழுந்து எடுப்பவர்களின் இடுப்பு வலி, லயத்து வடிகான் என்று இந்த மடலில் பலதும் எழுதிவிட்டோம். வீட்டு நாயைப் பற்றி எழுதியதில்லை. இந்த முறை எழுத வைத்தது ஒரு கடிதம்.

எழுதியவர் தோட்டத்தில் பிறந்தவர். கலியாணம் முடித்து, இப்போது கல்முனையில் வாடகை வீட்டில் இருக்கிறார். கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. வீட்டில் ஒரு சின்னப் பெட்டை நாய். பொமரேனியன் கலப்பு, ஐந்து கிலோ நிறை. அது முதல் தடவை வேட்கைக்கு வந்தபோது தெருக் கடுவன்கள் ஏழெட்டு வந்து வாசலிலேயே படுத்துக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலைத் தொழுகைக்குப் போகப் படலையைத் திறக்க முடியவில்லை. சண்டை வரவில்லை, ஆனால் பழைய சிரிப்பு இல்லை. குட்டி போடாமல் செய்துவிடுவோம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு கதை. “ஒரு டொக்டர் வயித்துல வெட்டணும்கிறார். இன்னொருத்தர் விலாப் பக்கம் வெட்டினா போதும்கிறார். ஊசி ஒண்ணு இருக்கு, அதப் போட்டா செலவு மிச்சம்னு கடைக்கார காக்கா சொல்றார். நாய் சின்னது. எதைத்தான் தாங்கும்?” என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி கல்முனையிலிருந்து வந்தாலும் பதில் தோட்டத்துக்கும் பொருந்தும். லயத்தில் நாய் வளர்க்காத வரிசை எங்கே இருக்கிறது? எனவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை?

கல்முனைக் கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கும். ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். முஸ்லிம் ஊர் முடியும் இடத்தில் தமிழ் ஊர் தொடங்கும். அங்கே ஒரு வீட்டு நாய் போடும் குட்டி அந்த வீட்டுச் சங்கதியாக மட்டும் நிற்காது.

முஸ்லிம் அயலவர்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று நம்மவர் சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. வயல் காவலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் நாய் வைத்துக்கொள்ள அவர்களின் மார்க்கத்தில் இடம் உண்டு. ஆனால் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் ஷாபி மத்ஹபின் முறை. வுழூ செய்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறவர் மேல் ஒரு நாய் வந்து நக்கிவிட்டால், திரும்பவும் வீட்டுக்குப் போய்த்தான் வர வேண்டும். ஒரு வாசலில் எட்டு நாய் கிடந்தால் அவர்களுக்கு வரும் கரைச்சலை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் நாயால் அயலவருக்குத் தொல்லை வராமல் பார்ப்பது நமக்கும் மரியாதை.

அதைவிடப் பெரிய விஷயம் நீர்வெறுப்பு நோய், நாம் விசர்நாய்க்கடி என்று சொல்வது. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசி வேலைகளால் இந்தத் தொகை அண்மை ஆண்டுகளில் இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. 2006க்குப் பிறகு அரசாங்கம் தெருநாய்களைக் கொல்லும் பழைய முறையை விட்டு, ஊசியும் கருத்தடையும் என்ற வழிக்கு மாறியது. சென்னையிலும் இப்படித்தான் நடந்தது. புளூ கிராஸ் அமைப்பு 1964லேயே கருத்தடை வேலையைத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. இந்த வழி பலிக்க வேண்டுமானால், யாருக்கும் வேண்டாத குட்டிகள் சந்தைக்குப் பின்னாலும் கடற்கரையிலும் வந்து விழுவது நிற்க வேண்டும். சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடப்படும் குட்டிக்கு யார் ஊசி போடப் போகிறார்கள்? அது வளர்ந்து, கடித்தால், கடிபடுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைதான்.

மூன்றாவது, நாயின் உயிர். சின்னப் பெட்டையோடு பெரிய கடுவன் சேர்ந்தால் குட்டியின் தலை பெரிதாகி, பிரசவத்தில் அடைத்துக்கொள்ளலாம். அப்போது இராத்திரி நேரத்தில் வயிற்றைக் கீறிக் குட்டி எடுக்க டொக்டரைத் தேட வேண்டிவரும். கிடைக்காவிட்டால் தாயும் போய்விடும். குட்டியே போடாமல் வளரும் நாய்க்கும் வயதாகும்போது கருப்பைக்குள் சீழ் கட்டும் நோய் வரும். சுவீடனில் நாய்க் காப்புறுதிக் கணக்குகளை வைத்துப் பார்த்தபோது, கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது.

“ஒரு ஈத்தாவது போடட்டுமே, பாவம்” என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு வைத்தியத்தில் ஆதாரம் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

வழிகளைப் பார்க்க முன் இதைத் தெரிந்துகொள்வோம். பெட்டை நாயின் வயிற்றுக்குள் இரண்டு சூலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், முதுகுப் பக்கமாக, ஆழத்தில் இருக்கும். அவற்றிலிருந்து இரண்டு நீண்ட கொம்புகள் போலக் கருப்பை இறங்கி, கீழே ஒன்றாகச் சேரும். கவைக்கம்பை நினைத்துக்கொள்ளுங்கள், கவணுக்கு வெட்டுவோமே, அந்த உருவம்தான். வேட்கையை உண்டாக்குவது சூலகம். குட்டி வளர்வது கொம்புகளில்.

கருத்தடை ஒப்பரேசனில் சூலகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களை நூலால் இறுகக் கட்டி, அதற்கு அப்பால் வெட்டி எடுப்பார்கள். எந்த வழியில் வயிற்றைத் திறந்தாலும் உயிரான இடம் அந்த முடிச்சுத்தான். முடிச்சு இறுக்கமாக இருந்தால் நாய் தப்பும். நழுவினால் உள்ளே இரத்தம் போகும்.

எத்தனை வழி?

ஒன்று, வயிற்றின் நடுவில் வெட்டுவது. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் திறப்பார்கள். அந்தக் கோட்டில் தசை வெட்டுப்படாது. இரண்டு பக்கத் தசையும் சேரும் வெள்ளை நாரைத்தான் வெட்டுவார்கள். இரண்டு பக்கத்துச் சூலகமும் கைக்கு எட்டும். ஏதும் சிக்கல் வந்தால் வெட்டை மேலும் கீழும் நீட்டலாம். குட்டி தங்கிவிட்டது என்று சந்தேகம் இருந்தாலும், கருப்பையில் சீழ் இருந்தாலும், நாய் கொழுத்திருந்தாலும் இந்த வழிதான் பாதுகாப்பு. குறை என்னவென்றால், காயம் அடிவயிற்றில் இருப்பதால் நாய் படுக்கும்போது மண்ணில் படும். தையல் பிரிந்தால் குடல் வெளியே வரக்கூடும். காயத்தைத் தினமும் பார்க்க நாயைப் பிரட்ட வேண்டும்.

இரண்டு, விலாப் பக்கம் வெட்டுவது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் சிறிதாகத் திறப்பார்கள். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் முகாம்களில் இதை விரும்புகிறவர்கள் உண்டு. காரணம் எளிது. நாய் நடந்து போகும்போதே தூரத்தில் நின்று காயத்தைப் பார்த்துவிடலாம். குடல் பாரம் காயத்தின் மேல் விழாது. பால் கொடுக்கும் பெட்டைக்கு அடிவயிறு வீங்கியிருக்கும் என்பதால் அதற்கும் இது வசதி. குறையும் உண்டு. தசையை விலக்கிப் போவதால் சில நாள் வலி இருக்கும். மறுபக்கத்துச் சூலகத்தை இழுத்து எடுக்க வேண்டும். பழகாத கைக்கு அது எட்டாமல் போகலாம், துண்டு மிச்சம் விடலாம். மிச்சம் விட்டால் நாய் திரும்பவும் வேட்கைக்கு வரும். உள்ளே இரத்தம் போனால் அந்தச் சின்ன வழியால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

மூன்று, சூலகத்தை மட்டும் எடுத்து, கருப்பையை விட்டுவிடுவது. இது வெட்டும் இடத்தைப் பற்றியதல்ல. எதை எடுப்பது என்பதைப் பற்றியது. நெதர்லாந்து போன்ற நாடுகளில் 1980கள் முதலே இதுதான் வழக்கம். நம் நாட்டு டொக்டர்கள் பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுப்பார்கள். நல்ல சுகத்தோடு இருக்கும் இளம் நாய்க்கு இரண்டும் ஒரே பலனைத்தான் தரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சூலகம் இரண்டும் முழுதாகப் போய்விட்டால் கருப்பையில் சீழ் கட்டும் நோயும் வருவதில்லை. சூலகம் மட்டும் என்றால் வெட்டுச் சற்றுச் சின்னதாகும், நேரமும் சற்றுக் குறையும். ஆனால் கருப்பையில் ஏற்கெனவே நோய் இருந்தால் அதையும் எடுத்தே ஆக வேண்டும்.

நாலு, சின்னத் துளைகளால் கமராக் குழாயை விட்டுச் செய்வது. வலி குறைவு, காயம் ஆறுவதும் சுறுக்கு. ஆனால் விலை கூடிய கருவிகளும் அதற்கென்ற பயிற்சியும் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் போகும் இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. இது கிடைக்கவில்லையே என்று கவலைப்படவும் தேவையில்லை.

ஊசி எப்படி?

கடைக்காரர் சொன்ன ஊசி பொய்யில்லை. பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போடும் டெப்போ ஊசி வகைதான் அது. இலங்கையில் முன்பு தெருப் பெட்டைகளுக்கும் இதைப் போட்டார்கள். வேட்கையைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கும், நிரந்தரமாக நிறுத்தாது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். அப்படிப் போடும் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டுவதும் மார்பில் கட்டி வருவதும் கூடுகிறது. பிழையான நேரத்தில், அதாவது வேட்கை நடக்கும்போதோ குட்டி தங்கிய பிறகோ போட்டால் ஆபத்து இன்னும் அதிகம். இன்று மிச்சம் பிடிக்கும் காசு, நாளைக்கு அவசர ஒப்பரேசனுக்குப் போய்விடும். வீட்டு நாய்க்கு இந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது?

சுகமாக இருக்கும், குட்டி தங்காத ஒரு சின்ன நாய்க்கு வயிற்று வழியும் சரி, விலா வழியும் சரி. எந்த டொக்டரிடம் காட்டுகிறீர்களோ, அவர் கை எந்த வழியில் நன்றாகப் பழகியிருக்கிறதோ, அந்த வழிதான் உங்கள் நாய்க்கு நல்ல வழி. வயிற்றில் ஆயிரம் நாய்க்குச் செய்தவரிடம் போய் “விலாவில்தான் வெட்ட வேண்டும்” என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். விலாவில் பழகியவரை வயிற்றில் வெட்டச் சொல்லவும் வேண்டாம். விலா வழிக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: நாய்க்குக் குட்டி தங்கவில்லைதானே?

சின்ன நாய் சாவது வெட்டின் இடத்தால் அல்ல. மயக்கம், குளிர், பட்டினி, இரத்தம் என்ற இந்த நாலில் ஒன்றால்தான். இந்த நாலிலும் வீட்டுக்காரரின் கை நிறைய இருக்கிறது.

சின்ன உடம்புக்கு நாலு கவனம்

நிறை: மயக்க மருந்தைக் கிலோக் கணக்கில்தான் கொடுப்பார்கள். இருபது கிலோ நாய்க்கு அரைக் கிலோ பிழைத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து கிலோ நாய்க்கு அதே அரைக் கிலோ பத்தில் ஒரு பங்கு. ஆகவே கண்ணால் பார்த்து நிறை சொல்ல விடக் கூடாது. தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். தராசு இல்லையென்றால் ஒரு வழி உண்டு: நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். கிளினிக்கில் பிள்ளையின் நிறை பார்க்கும்போது எவ்வளவு கவனமோ அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

பட்டினி: பெரிய நாய்க்கு முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்பார்கள். சின்ன நாயை, அதுவும் குட்டியை, அவ்வளவு நேரம் காயப்போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி, நடுக்கம் வந்து, வலிப்பும் வரலாம். எத்தனை மணிக்குக் கடைசிச் சாப்பாடு என்று டொக்டரிடமே கேளுங்கள். வளர்ந்த சின்ன நாய்க்குப் பொதுவாக நாலிலிருந்து ஆறு மணித்தியாலம் போதும். குட்டிக்கு அதிலும் குறைவு. தண்ணிய மட்டும் வீட்டை விட்டுப் புறப்படும் வரைக்கும் வையுங்க. முடிந்தால் காலையில் முதல் ஆளாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

குளிர்: கல்முனை வெயிலில் குளிரா என்று சிரிக்க வேண்டாம். மயக்கத்தில் கிடக்கும் சின்ன உடம்பு சூட்டைப் பிடித்து வைக்காது. வயிறு திறந்து, ஸ்பிரிட் பூசி, உலோக மேசையில், மின்விசிறிக்குக் கீழே கிடந்தால் மளமளவென்று சூடு இறங்கும். பழைய துவாய் இரண்டு, கம்பளித் துண்டு ஒன்று கொண்டுபோங்கள். சுடுதண்ணி அடைத்த போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். துணி இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும். நுவரெலியா, மஸ்கெலியா பக்கத்து வாசகர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இரத்தம்: ஐந்து கிலோ நாயின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 400 மில்லிலீற்றர்; சின்னத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றுகூட நிறையாது. அதில் நாலைந்து மேசைக்கரண்டி போனாலே பெரிய இழப்பு. நம் நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவும் இந்த நோயில் இரத்தம் குறையும், சில வகையில் இரத்தம் உறையும் சக்தியும் குறையும். நாய் ஓடியாடித் திரிந்தாலும் உள்ளே நோய் இருக்கலாம். ஒப்பரேசனுக்கு முன் நாயின் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால், மூக்கால் இரத்தம் வந்திருந்தால், சாப்பாடு குறைந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உண்ணி நிறைய இருந்த நாய் என்றால் இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். நோயைச் சுகப்படுத்திவிட்டு ஒரு மாசம் கழித்துச் செய்வதால் எதுவும் கெட்டுப்போகாது.

எந்த வயதில், எந்த நேரத்தில்?

சின்ன நாய்க்கு ஆறு மாதத்திலேயே முதல் வேட்கை வரலாம். ஆகவே ஐந்து, ஆறு மாதத்தில், முதல் வேட்கைக்கு முன் செய்வது நல்லது. மார்பில் கட்டி வருவதும் இதனால் வெகுவாகக் குறையும் என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன.

வேட்கை வந்துவிட்டால் பொறுக்க வேண்டும். வேட்கை மூன்று கிழமை அளவு இருக்கும். அந்த நேரத்தில் கருப்பையும் இரத்தக் குழாய்களும் பருத்து இருப்பதால் இரத்தம் கூடப் போகும். முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துச் செய்யலாம். அதுவரை நாயை வீட்டுக்குள் வைத்திருங்கள். வெளியே விடும்போது கையில் கயிறு இருக்கட்டும். அடுத்த வேட்கை ஆறேழு மாதத்தில் வரும் என்பதால் தவணை தவற விடாதீர்கள். கலண்டரில் குறித்து வையுங்க. குட்டி போட்ட நாய் என்றால், குட்டிகள் பால் மறந்து, தாய்க்குப் பால் வற்றிய பிறகு செய்யலாம்.

பிறகு சிறுநீர் தானாக ஒழுகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது பெரிய இன நாய்களில்தான் கூடுதலாக வரும். சின்ன நாய்களில் குறைவு. நாய் கொழுப்பது உண்மை. சாப்பாட்டை ஒரு பிடி குறையுங்கள், ஓட விடுங்கள், போதும்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை

கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். நல்ல டொக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

1. ஐயா, நீங்கள் வழக்கமாக எந்த வழியில் செய்கிறீர்கள்? இவ்வளவு சின்ன நாய்க்குச் செய்திருக்கிறீர்களா?
2. நிறை பார்த்தீர்களா? கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பாடு கொடுக்கலாம்?
3. சூலகம் இரண்டையும் முழுதாக எடுப்பீர்களா?
4. ஒவ்வொரு நாய்க்கும் வேறாக அவித்த கருவிகளா? (முகாம்களில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.)
5. வலிக்கு என்ன மருந்து தருவீர்கள்? எத்தனை நாளைக்கு?
6. தையல் தானாகக் கரையுமா, வெட்ட வர வேண்டுமா?
7. இரவில் ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது?

மொத்தச் செலவையும் முன்கூட்டியே கேளுங்கள். மருந்து, திரும்பிப் பார்க்கும் கட்டணம், தையல் வெட்டும் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் இரண்டு இடத்தை ஒப்பிடலாம். அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை நம்மவருக்கு மாட்டு டொக்டர் கந்தோர் என்றுதான் தெரியும். அங்கே நாய்க்கு ஒப்பரேசன் செய்கிறார்களா, அல்லது இலவச முகாம் எப்போது வருகிறது என்று போய்க் கேளுங்கள். சிக்கலான நோய் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா ஆஸ்பத்திரி இருக்கிறது. மலையகத்தில் இருப்பவர்களுக்கு அது கிட்ட. ஆனால் ஒப்பரேசன் முடிந்த நாயை அன்றைக்கே வளைந்து வளைந்து போகும் மலைப் பாதையில் தூரப் பயணம் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரவு நாயைத் தனியே விடாதீர்கள். நன்றாக முழித்து, நின்று, தள்ளாடாமல் நடந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், பிறகு ஒரு பிடி சோறு கொடுங்கள். பத்து நாளைக்குக் குதிக்கவும் படி ஏறவும் விடக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது.

கல்முனைப் பக்கம் மணல்தான் பெரிய எதிரி. முற்றத்து மணலில் நாய் குழி பறித்துப் படுத்தால் காயத்துக்குள் மணல் போகும். சீமெந்துத் தரையில் சாக்கு விரித்து, தினமும் மாற்றும் துணி போட்டு, வீட்டுக்குள் வைத்திருங்கள். கடலில் குளிப்பாட்டினால் புண் ஆறும் என்பதை நம்ப வேண்டாம். நாய் காயத்தை நக்குவதுதான் தையல் பிரிய முதல் காரணம். கழுத்துக்கு மாட்டும் கூம்பு வாங்கலாம். வாங்க வசதியில்லையென்றால் பிள்ளையின் பழைய பெனியனில் நாலு காலுக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிடுங்கள். கழிக்கப் போகும்போது பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டுங்கள். இந்தப் பத்து நாளும் நாய் வீட்டோடு இருப்பதால் அயலவருக்கும் தொல்லை இல்லை.

காயத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் சிவப்பு இரண்டு நாளைக்கு இருக்கும். மஞ்சள் பூசாதீர்கள், சாம்பல் வைக்காதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். வலிக்குதேன்னு பனடோல் கொடுத்துடாதீங்க. ஒரு குளிசையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. அது ஐந்து கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம், நஞ்சாகக்கூடிய அளவு. மனிதருக்குத் தரும் டைக்ளோபெனாக், புரூபன் போன்றவையும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டொக்டர் தந்த மருந்தை மட்டும் கொடுங்கள்.

உடனே டொக்டரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள் இவை: முரசு வெளுத்துப் போதல், வயிறு உப்பிக்கொண்டே போதல், காயத்தால் சொட்டுச் சொட்டாக இரத்தம் நிற்காமல் வருதல், தையல் பிரிந்து உள்ளே இருப்பது தெரிதல், அடுத்த நாளும் எழும்பாமல் கிடத்தல், சீழ் நாற்றம், இரண்டு நாளாகச் சாப்பிடாமை. “விடியட்டும் பாப்போம்” என்று இருக்க வேண்டாம். சின்ன நாய்க்கு விடியும் வரை நேரம் இருக்காது.

ஊசியையும் மறக்க வேண்டாம்

கருத்தடை செய்த நாய்க்கும் விசர் பிடிக்கலாம். வருடா வருடம் நீர்வெறுப்பு ஊசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, புண்ணில் நக்கினாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் தடுப்பூசி அங்கே இலவசம். நோய்க் குறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

கடுவன் நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடுவனுக்குச் செய்யும் ஒப்பரேசன் இதைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. வாசலில் வந்து படுத்த அந்த ஏழெட்டுக் கடுவன்களில் ஒன்றிரண்டாவது யாரோ ஒருவரின் வீட்டு நாயாகத்தான் இருக்கும்.

கல்முனையில் ஒரு குடும்பம் தனியே ஒரு நாய்க்குச் செய்வதைவிட, அந்த வீதியில் உள்ள நாலு வீட்டுக்காரர் சேர்ந்து மிருக வைத்திய அலுவலகத்தில் பேசினால் காரியம் சுலபம். நாய் வளர்க்காத முஸ்லிம் அயலவரும் இதில் கூட நிற்பார்கள். தெருவில் நாய் குறைவது அவர்களுக்கும் நல்லதுதானே. வயல் காவலுக்கு நாய் வைத்திருக்கும் அவர்கள், ஒப்பரேசன் பற்றி மார்க்கச் சந்தேகம் இருந்தால் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். தோட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் லயத்தில் எத்தனை பெட்டை, எத்தனை கடுவன், எதற்கு ஊசி போட்டாயிற்று என்று ஒரு கொப்பியில் எழுதி, தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். எண்ணிக்கை கையில் இருந்தால் முகாமைத் தோட்டத்துக்கே அழைத்து வருவதற்குப் பேசிப் பார்க்கலாம்.